குற்றத்திற்குப் பாகப்பிரிவினை உண்டா?

ஒருவர் விட்டுச் சென்ற சொத்தை அவருடைய வாரிசுகளுக்குப் பங்கிடும் கலையை ‘இல்முல் ஃபராயிள்’ என்னும் பெயரால் நம் மத்ரஸாக்களில் கற்பிக்கிறோம். அதைக் கற்கத் தொடங்கும் மாணவன் சில நாட்களிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறான். வாரிசுகள் பெருகப் பெருக ஒவ்வொருவருடைய பங்கும் சிறுத்துக்கொண்டே போகும். பிள்ளைகள் இருக்குமாயின் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. அந்த எட்டில் ஒன்றையே நான்கு மனைவியர் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 32இல் ஒன்று.

சொத்துக்குரிய இந்தக் கணக்கைக் குற்றத்திற்கும் போட்டுப் பார்க்கும் வழக்கம் மனிதனிடம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. ஓர் அநீதியில் பத்துப் பேருடைய கை பட்டிருந்தால் ஒவ்வொருவர் தலையிலும் பத்தில் ஒரு பங்குதான் விழும் என்று நினைக்கிறான். ஆயிரம் பேருடைய கை பட்டிருந்தாலோ, தன் தலையில் ஒன்றுமே விழாது என்று நிம்மதியாக உறங்கப் போகிறான். இந்தக் கணக்கு சரிதானா? சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

இக்கேள்வியை நம்முன் கொண்டுவந்து வைத்தவர், நம்மிடம் சில ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர். ஓதலை முடிக்காமலே குடும்பச் சுமையால் வேலைக்குப் போனவர். இப்போது கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வசூல் வேலை பார்க்கிறார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் நம் அருகில் வந்து அமர்ந்தார். முகத்தில் வாட்டம் தெரிந்தது. தவணை கட்டத் தவறிய ஒரு விதவைத் தாயின் வீட்டுத் திண்ணையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். தெருவில் போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்களாம். அந்த அம்மையார் அன்று அடுப்பே மூட்டவில்லையாம்.

“ஹஜ்ரத், கடன் வாங்கியது அவர்கள். கொடுத்தது கம்பெனி. உட்காரச் சொன்னது மேலதிகாரி. அவருக்கும் மேலே இலக்கு வைத்து அனுப்புகிறவர்கள் சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிறார்கள். நான் போகாவிட்டால் இன்னொருவன் போவான். இதில் என்மீது என்ன குற்றம்?” என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல நம் நாவு எழவில்லை. ஏனெனில் இதே சொற்களை, ஏறத்தாழ இதே வரிசையில், எங்கோ வாசித்திருக்கிறோம் என்ற நினைவு குறுக்கிட்டது. வாசித்தது ஃபிக்ஹு நூலில் அன்று. அமெரிக்க நாவல் ஒன்றில்.

கதைகளை ஆலிம்கள் வாசிக்கலாமா?

நாவல் வாசிப்பதை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அருள்மறையின் ஓர் அத்தியாயத்திற்கே ‘அல்கஸஸ்’, அதாவது வரலாறுகள், என்று பெயர் அமைந்திருப்பதையும், யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஒரு முழு அத்தியாயமாக விரிந்திருப்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கதையின் வழியே நீதியை ஆராய்வது நமக்கு அந்நியமானதன்று.

தமிழில் முஸ்லிம்கள் நாவல் எழுதத் தொடங்கியதும் மிக முன்னரே. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திர’த்தை 1885இல் வெளியிட்டார். நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் தம் முதல் நாவலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். அந்த நாவலின் தலைப்பே ஓர் ஒழுக்கவியல் கேள்வி: ‘காதலா? கடமையா?’ அதே காலத்தில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் அமெரிக்க எழுத்தாளர்கள் வேறொரு கேள்வியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். செல்வம் பெருகிய நாட்டில், அந்தச் செல்வம் பிறரை நசுக்கும்போது பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதே அது.

பெயரில்லாப் பூதம்

ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1939இல் வெளிவந்தது ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. சினத்தின் திராட்சைகள் என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் வறட்சியும் புழுதிப் புயலும் நிலத்தைப் பாழாக்குகின்றன. குத்தகைக் குடியானவர்கள் கடனில் மூழ்குகிறார்கள். நிலம் வங்கிகளின் கைக்குப் போய்விட்டது. பல குடும்பங்கள் செய்த வேளாண்மையை ஒற்றை டிராக்டர் செய்துவிடும் என்று கண்ட உரிமையாளர்கள் குடியானவர்களை வெளியேற்றுகிறார்கள். ஜோட் என்னும் குடும்பம் ஒரு பழைய லாரியில் தட்டுமுட்டுகளை ஏற்றிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகிறது. அங்கே காத்திருப்பதோ கூலிக்குறைப்பும் பசியும்.

அந்நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. ஓட்டி வருபவன் வேற்றாள் அல்லன். அந்தக் குடியானவருக்குத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன். ‘உன் சொந்த மக்களுக்கே இதைச் செய்கிறாயே’ என்று குடியானவர் கேட்கிறார். நாளொன்றுக்கு மூன்று டாலர் கிடைக்கிறது, மனைவி மக்கள் சாப்பிட வேண்டுமே என்கிறான் அவன். ‘உன்னைச் சுட்டுவிடுவேன்’ என்று மிரட்டினால், நாளைக்கு வேறொருவன் வருவான் என்கிறான். அப்படியானால் உனக்கு உத்தரவு தந்தவன் யார் என்று கேட்டால் வங்கியைக் காட்டுகிறான். வங்கியின் தலைவரைக் கேட்டால் அவருக்கும் கிழக்கிலிருந்து உத்தரவு வருகிறதாம். கடைசியில் குடியானவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். சுடுவதற்கு ஆள்தான் இல்லை. வங்கி மனிதர்களால் ஆனதுதான், ஆனால் மனிதர்களைவிடப் பெரிய ஒரு பூதம் என்று அந்த நாவல் சித்திரிக்கிறது. அதில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அதன் செயலை வெறுக்கிறார்கள். ஆயினும் அந்தச் செயல் நடந்துவிடுகிறது.

நம் மாணவரின் கேள்விக்கும் அந்த டிராக்டர் ஓட்டியின் பதிலுக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் ஏழு கடல்களும் இருக்கின்றன. ஆனால் வாதம் ஒன்றே.

மல்லாட்டையும் நியூயார்க்கும்

இது எங்கோ நடந்த கதை என்று கீழ்பென்னாத்தூர்வாசிகளாகிய நாம் சொல்லிவிட முடியாது. வேர்க்கடலையை நம் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் 1920களில் இந்தப் பயிர் பெரிதும் பரவியது. வீட்டு உணவுக்காக அன்று, ஏற்றுமதிக்காக. புதுச்சேரி முதலிய துறைமுகங்களிலிருந்து ஃபிரான்ஸ் நாட்டு மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு நம் மல்லாட்டை கப்பலேறியது. விலை நன்றாக இருந்த ஆண்டுகளில், அந்த விலையை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் விளைபொருள் விலை விழுந்தது. மல்லாட்டை விலையும் விழுந்தது. கடன் மட்டும் விழவில்லை.

நிலத்தைவிட்டு ஒருபோதும் வெளியே போயிராத நம் ஊர்க் குடியானவர், தாம் கண்ணால் காணாத ஒரு நகரத்தில் தாம் அறியாத மனிதர்கள் நடத்திய சூதாட்டத்தால் கடனாளியானார். அவர் யாரைக் கேட்பார்? சென்னை மாகாண அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களின் வட்டி பாக்கியைத் தள்ளுபடி செய்யவும், அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியவர்களின் கடன் தீர்ந்ததாகக் கொள்ளவும் அது வழிசெய்தது. அதன் பின்னரும் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும், 2025இல் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் தேவைப்பட்டன என்றால், நோய் இன்னும் தீரவில்லை என்பதே பொருள்.

இன்னொரு செய்தி. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை வழியே கிருஷ்ணகிரிக்குப் போகும் நம் நெடுஞ்சாலை இப்போது 77 என்ற எண்ணைத் தாங்குகிறது. எண்கள் மாற்றப்படுவதற்கு முன் அதற்கும் 66 என்றுதான் பெயர். இது தற்செயலே. ஆயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் மூட்டை முடிச்சுகளுடன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களை அந்தச் சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் காணும்போதெல்லாம் ஜோட் குடும்பத்தின் லாரி நம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வண்டியை ஓட்டியவர் யார்?

வறியவர்களின் பக்கம் இது. செல்வர்களின் பக்கத்தைக் காட்டுவது எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் வெளியிட்ட ‘தி கிரேட் கேட்ஸ்பி’. சட்டத்துக்குப் புறம்பான வழியில் பெரும்பொருள் ஈட்டிய கேட்ஸ்பி, பிறருக்கு மனைவியாகிவிட்ட பழைய காதலி டெய்ஸியை மீண்டும் அடையலாம் என்ற ஆசையில் மாளிகையும் விருந்துகளுமாக வாழ்கிறான். ஒருநாள் டெய்ஸி ஓட்டிய மோட்டார் ஒரு பெண்ணை மோதிக் கொன்றுவிடுகிறது. பழியைத் தன்மீது ஏற்கிறான் கேட்ஸ்பி. இறந்தவளின் கணவனிடம், அது கேட்ஸ்பியின் வண்டி என்று டெய்ஸியின் கணவன் டாம் சொல்கிறான். அவன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் மாய்கிறான். டாமும் டெய்ஸியும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். மூன்று பிணங்கள் விழுந்தபின் அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

அந்நாவலில் நம்மை உலுக்கிய ஓரிடம் உண்டு. சாம்பல் மேட்டுப் பகுதியில் ஒரு கண் மருத்துவரின் விளம்பரப் பலகை நிற்கிறது. கண்ணாடி அணிந்த இரண்டு பெரிய கண்கள் மட்டும் அதில் வரையப்பட்டுள்ளன. மனைவியை இழந்த அந்த ஏழை, அந்தக் கண்களைக் காட்டி, இறைவன் யாவற்றையும் பார்க்கிறான் என்று புலம்புகிறான். அது வெறும் விளம்பரம் என்று பக்கத்தில் இருப்பவன் திருத்துகிறான். இறைவன் பார்க்கிறான் என்ற உணர்வு சமுதாயத்திலிருந்து போய்விட்டால், எஞ்சுவது விற்பனைக்கு வரைந்த கண்கள்தாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலுமா?

இவ்விருவருக்கும் நடுவே நிற்பவன், சின்க்ளேர் லூயிஸ் 1922இல் படைத்த பாபிட். மனை வணிகத் தரகன். கொடியவன் அல்லன். தேவாலயத்துக்குப் போகிறான், சங்கங்களில் நேர்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறான், தொழிலில் எல்லாரும் செய்வதைத் தானும் செய்கிறான், அவ்வளவே. அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லே அவனுடைய மார்க்கம். நாம் நம்மைத் தேட வேண்டிய பாத்திரம் டாம் அல்லன், பாபிட்தான்.

முகம் உள்ள கொடுமை, முகம் மறைந்த கொடுமை

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வந்தது. அதில் ஊரை ஆட்டிப்படைக்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்கு முகம் உண்டு, பெயர் உண்டு, வீட்டுக்கு அடையாளம் உண்டு. கொடுமைக்கு உள்ளானவர் கை நீட்டிச் சுட்ட ஒருவர் எதிரே நிற்கிறார். மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கப்பட்ட நாவலில் நிலைமை மாறுகிறது. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். முன்பணம் கொடுத்து ஆசைகாட்டி அழைத்துப்போகும் மேஸ்திரி தமிழரே. அவருக்கு மேலே வெள்ளைத் துரை. துரைக்கும் மேலே கடல் கடந்த முதலீட்டாளர்கள். ஒவ்வொரு படியிலும் முகம் மங்குகிறது. கடைசிப் படியில் முகமே இல்லை. ஆனால் அடி விழும் முதுகு மட்டும் எப்போதும் மெய்யாகவே இருக்கிறது.

நம் நூல்கள் கூறுவது

இனி நம் மரபுக்கு வருவோம். உதுமானியப் பேரரசு 1869க்கும் 1876க்கும் இடையே ஹனஃபீ சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’வில் இந்தச் சிக்கலுக்கென்றே சில விதிகள் உள்ளன. செயலைத் தன் கையால் செய்பவர் ‘முபாஷிர்’. அதற்குக் காரணமாய் அமைபவர் ‘முதஸப்பிப்’. இருவரும் ஒருசேர இருக்கும்போது, உலகியல் தீர்ப்பு கையால் செய்தவரையே சாரும். ஏவியவரை அது சாராது, ஏவியவர் வன்கட்டாயம் செய்திருந்தாலொழிய. அந்தக் கட்டாயமும் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்ற அளவில் இருக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒருவருடைய நெருக்கடி அடுத்தவருடைய உரிமையை அழித்துவிடாது என்பதும் அங்கே ஒரு விதி. ஆக, மூன்று டாலருக்காக வந்தேன் என்னும் டிராக்டர் ஓட்டியின் வாதம் இரக்கத்துக்குரியது. முழு விடுதலைக்கு உரியதன்று.

அப்படியானால் பழி அடிமட்டத்து ஏழையோடு நின்றுவிடுமா? உலக நீதிமன்றத்துக்கு ஓரிடத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. மறுமையின் மன்றத்துக்கு அந்தத் தேவை இல்லை. ஒருவருடைய சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்று திருமறை அறிவிக்கிறது. வழிகெடுத்தவர்கள் தங்கள் சுமைகளோடு வேறு சுமைகளையும் சுமப்பார்கள் என்று ‘அன்கபூத்’ அத்தியாயத்தில் அதே மறை அறிவிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தோன்றும். விரிவுரையாளர்கள் முடிச்சை அவிழ்க்கிறார்கள்: வழிகெடுத்தவன் கூடுதலாகச் சுமப்பதால் வழிகெட்டவனுடைய சுமை சிறிதும் குறைவதில்லை. தீய வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைப்பவரைப் பற்றி ‘ஸஹீஹ் முஸ்லி’மில் வரும் நபிமொழியின் கருத்தும் இதுவே.

‘ஸபா’ அத்தியாயம் ஒரு காட்சியைத் தீட்டுகிறது. பலவீனர்களும் ஆணவக்காரர்களும் இறைமுன் நின்று ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்துகிறார்கள். உங்களால்தான் கெட்டோம் என்கிறார்கள் இவர்கள். நாங்களா உங்களைத் தடுத்தோம் என்கிறார்கள் அவர்கள். இரு தரப்பின் வழக்கும் எடுபடுவதில்லை. டிராக்டர் ஓட்டியும் வங்கியும் வழக்காடும் காட்சி அங்கே முன்பே தீட்டப்பட்டிருக்கிறது.

இன்னும் கூர்மையான ஒன்று உண்டு. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சியாகும் இருவர் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே கண்டனத்தில் சேர்த்துச் சமமானவர்கள் என்று கூறியதாக முஸ்லிம் பதிவுசெய்கிறார். பேனா பிடித்தவனும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். கடனை எழுதி வையுங்கள், எழுத்தர் நீதியோடு எழுதட்டும் என்று திருமறையின் மிக நீண்ட வசனம் எழுத்தரைச் சிறப்பிக்கிறது. ஆகவே பேனா குற்றமுடையதன்று. அது எதை எழுதுகிறது என்பதே கேள்வி.

‘ஃபர்ளு கிஃபாயா’வை எண்ணிப் பாருங்கள். ஒரு மையித்தை அடக்கம் செய்ய ஊரில் எவரும் முன்வரவில்லையானால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு உள்ளாகிறது. ஆயிரம் பேருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்றா? இல்லை, அறிந்தும் இயன்றும் வாளாவிருந்த ஒவ்வொருவருக்கும் முழுமையாக. சொத்து, பங்கிடப் பங்கிடக் குறையும். குற்றமோ, ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவதைப்போல், பரவினாலும் முதல் சுடரில் ஒரு துளியும் குறையாது.

ஒரு மறுப்பு

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று எழும். எல்லாரும் குற்றவாளி என்றால் எவருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா? வாடகைக்கு அல்லாடும் வசூல்காரரும், கோடிகளை ஆளும் நிறுவனத் தலைவரும் ஒரே தட்டில் நிற்பதா? இது ஏழையின்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகாதா?

மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால், பங்கு குறையாது என்று சொல்வதும் எடை ஒன்றே என்று சொல்வதும் வேறு வேறு. ஒவ்வொருவரும் மேய்ப்பர், தத்தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழியின் கருத்து. பெரிய மந்தையை உடையவருக்கு விசாரணை பெரியது. தீமையைக் கையால் தடுக்க இயன்றவர் கையாலும், நாவால் இயன்றவர் நாவாலும், எதுவும் இயலாதவர் உள்ளத்தாலும் என்று படிகள் வகுக்கப்பட்டிருப்பதும் ஆற்றலுக்கேற்பவே. நிறுவனத் தலைவரின் செயல் மலையளவு கனக்கலாம். வசூல்காரரின் செயல் ஒரு கல்லளவு கனக்கலாம். ஆனால் மலை பக்கத்தில் இருக்கிறது என்பதால் கல்லின் எடை குறைவதில்லை. அது அவருடைய கல். அதை அவரே இறக்கி வைக்க வேண்டும்.

விலகிப் போய்விட்டால் போதுமா என்றும் கேட்கலாம். ஹெமிங்வே 1929இல் எழுதிய போர் நாவலின் நாயகன், படையைவிட்டு ஓடி, தனக்கு மட்டுமாக ஒரு சமாதானம் செய்துகொண்டு, காதலியுடன் சுவிட்சர்லாந்துக்குப் படகேறுகிறான். அங்கும் அவனைத் துயரம் விடுவதில்லை. விலகல் அவனைக் காத்தது, வேறெவரையும் காக்கவில்லை.

ஸ்டைன்பெக்கின் நாவலில் வரும் கேஸி இதற்கு நேர்மாறானவர். முன்னாளில் மதப் போதகர். போதனையை விட்டுவிட்டு மக்களோடு நடப்பவர். ஏழைகளின் முகாமில் நடந்த கைகலப்பில், பரோலில் வந்த டாம் ஜோட் சிக்கிவிடக் கூடாதென்று, பழியைத் தாமே ஏற்றுச் சிறைக்குப் போகிறார். கேட்ஸ்பியும் பிறர் பழியை ஏற்றவனே. ஆனால் அவன் ஏற்றது உண்மையை மறைக்க. கேஸியோ அதிகாரியைத் தாக்கியதில் தமக்கு உண்மையாகவே பங்கிருந்ததால், எழுந்து நின்று ‘நான்தான்’ என்றார். எவனும் ‘நான்’ என்று சொல்லாத அந்தப் புத்தகத்தில் அவர் சொன்னார். போதனைத் தொழிலில் இருக்கும் நமக்கு அந்தப் பாத்திரம் எளிதில் கடந்துபோக இயலாத ஒன்று.

திண்ணை

இவற்றையெல்லாம் சுருக்கி அந்த மாணவருக்கு எடுத்துச் சொன்னோம். வேறு வேலை தேடுக. கிடைக்கும் வரை அசலைக் கேட்பதோடு நிற்க. எவருடைய திண்ணையிலும் உட்கார்ந்து மானத்தை வாங்காதே. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் தரச் சொல்லும் வசனத்தை உன் மேலதிகாரிக்கும் சொல் என்றோம். அவர் தலைகுனிந்து கேட்டார். பின்னர் மெல்லச் சொன்னார்:

“ஹஜ்ரத், அந்த அம்மா கம்பெனியில் குழுக் கடன் வாங்கியதே, அதற்கு முன் ஒருவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய கடனை அடைக்கத்தான். அந்த நோட்டை எனக்குக் காட்டினார்கள். சாட்சிக் கையெழுத்து உங்களுடையது.”

நமக்கு நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், மல்லாட்டை விதைப்புக் காலம். குத்தகை நிலத்துக்கு விதை வாங்க அந்த அம்மையார் கடன் கேட்டார். கொடுத்தவரும் அறிமுகமானவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஊருக்கு நம்பிக்கையானவர் என்று நம்மை அழைத்தார்கள். போனோம், கையெழுத்திட்டோம். வட்டி விகிதம் எழுதப்பட்டிருந்த வரியை நாம் வாசிக்கவில்லை. வாசிக்காமல் விட்டது மறதியால் அன்று. வாசித்தால் கையெழுத்திட முடியாது என்று நம் உள்ளத்தின் ஒரு மூலைக்குத் தெரிந்திருந்தது. எழுதியவரும் சாட்சிகளும் சமம் என்னும் அந்த நபிமொழியை அதற்கு முந்திய வாரம்தான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருந்தோம்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்காரவில்லை, நின்றபடியே, அன்று நாம் செய்தது தவறு என்று சொன்னோம். சுமையை இறக்க நம்மால் இயன்றதை, அது மிகச் சிறிதே, செய்வதாகவும், கர்ளு ஹஸனாவாக வட்டியில்லாக் கடன் வழங்க ஜமாஅத்தில் ஒரு ஏற்பாட்டுக்கு முயல்வதாகவும் சொன்னோம். அந்த அம்மையார் முறத்தில் காய் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“இதுக்குப் போயி மனசக் கொழப்பிக்கிறீங்களே பாய். நீங்க போடலன்னா இன்னொருத்தரு போட்டிருப்பாரு. உங்க மேல என்ன இருக்குது?” என்றார்.

நம் மாணவருக்கு நாம் மறுத்த அதே வாதத்தை, பெருந்தன்மையோடு, நமக்கு அவர் வழங்கினார். மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த வாதத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்தில் வட்டியில்லாக் கடன் பற்றிப் பேச எழுந்தபோது, பிறருக்கு உபதேசிப்பதற்கு முன், நாம் இட்ட அந்தக் கையெழுத்தைப் பற்றியே முதலில் சொன்னோம். சபையில் சற்று நேரம் அமைதி நிலவியது. பின்னர் இன்னொருவர் எழுந்து, தாமும் ஒரு நோட்டில் சாட்சியென்றார்.

வல்ல நாயன் நம் கைகளை நாமே அடையாளம் கண்டுகொள்ளும் ஆற்றலை நமக்கு அருள்வானாக. ஆமீன்.